இருவரும் தள்ளிய ஒரு வரி

ஹான்காக், மிச்சிகன்
14 நவம்பர் 2017

லோவெல்,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் இதைப் பிரிக்காமலே குப்பையில் போட்டிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். உனக்கு எதையும் தூக்கி எறியத் தெரியாது. பதினெட்டு வருடம் உன் எதிர் மேசையில் உட்கார்ந்தவளுக்கு அதுகூடவா தெரியாது? இருபது மாதமாக நாம் பேசவில்லை. நானே முதலில் எழுதுவது எனக்கு ஒன்றும் இனிப்பாக இல்லை. மின்னஞ்சல் அனுப்பலாம்தான். ஆனால் கம்பெனிக்கு வருவதையெல்லாம் வக்கீல்கள் படிக்கிறார்கள் என்று நீயே ஒருமுறை சொன்னாய். அதனால் தபால்.

நேற்று கூட்டுறவுக் கடையில் ஆர்வோ நிஸ்கனெனைப் பார்த்தேன். உனக்கு அவர் ஒரு பெயர், நம் அறிக்கையின் முதல் பக்கத்தில் 'சோதனை ஓட்டுநர்' என்பதற்கு எதிரே இருக்கும் பெயர். எனக்கு அவர் பள்ளியில் இரண்டு வகுப்பு மூத்தவர், கவுண்டி நிர்வாகத்துக்காக எங்கள் ஊர்த் தெருக்களில் பனி அள்ளியவர். ஏரிக்கரைச் சோதனைத் தளத்தில் நம்முடைய புது பிரேக்கைப் பூட்டிய பனி அள்ளும் லாரியை ஓட்டி, கான்கிரீட் கட்டையில் மோதி, இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவர். இப்போது கல்லாவில் ஒரு உயரமான ஸ்டூலில் பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் வேலை செய்கிறார்.

"என்ன வெர்னா, பாலத்துக்குக் கீழ, தெக்க இருக்கிறவங்க உன்னைத் திருப்பி அனுப்பிட்டாங்களா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், இந்தக் குளிர்காலமாவது வண்டி எடுக்கிறாரா என்று கேட்டேன்.

"யாரு தருவா? கவுண்டி ஆபீசுல உங்க ரிப்போர்ட்டை என் பேர் மேல ஒட்டி வெச்சிருக்காங்க. அரை நொடி லேட்டா மிதிச்சவன்கிட்ட இருபது டன் வண்டிய எப்படிக் குடுப்பாங்க?"

நான் முட்டையை எண்ணுவதுபோல் பாவனை செய்தேன். அவரே தொடர்ந்தார். "மொதல்ல நானும் மிதிச்சேன் மிதிச்சேன்னு கத்தினேன். அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். மெஷினுக்குப் பொய் சொல்லணும்னு என்ன வேண்டுதலா? லேட்டாத்தான் மிதிச்சிருப்பேன். நம்ம கால நாமளே நம்ப முடியலன்னா என்ன பண்றது, சொல்லு."

அதை அவர் சாதாரணமாகச் சொன்னார், லோவெல். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் வீட்டுக்கு வந்து தூங்கியிருப்பேன்.

எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். விபத்துக்குப் பிறகு நாம் ஓட்டிய கணக்கில், உன் பக்கத்திலிருந்து என் பக்கத்துக்கு வந்த கோப்பு. பிரேக்கை மிதிக்கச் சொல்லும் சிவப்பு விளக்கு எரிந்த நேரம் தளத்தின் கடிகாரத்திலிருந்து நேராக என்னிடம் வந்தது. ஆர்வோ பெடலை மிதித்த நேரம் மட்டும் லாரியின் பதிவுப்பெட்டியிலிருந்து கணினியில் ஓடும் உன் லாரி சிமுலேஷனுக்குள் போய், அங்கிருந்து என் கணக்குக்கு வந்தது. அந்த வழியை இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே சொன்னேன். "கையெழுத்தப் போடு வெர்னா, எல்லாரும் வீட்டுக்குப் போகணும்" என்றாய். போட்டேன். அதற்கு உன்னைத் திட்டுவதா என்னைத் திட்டுவதா என்று இன்னும் முடிவாகவில்லை.

கோப்பை அனுப்பு.

வெர்னா லெஹ்டோ


டொலீடோ, ஓஹாயோ
29 நவம்பர் 2017

வெர்னா,

பிரித்தேன். இரண்டு நாள் சமையலறையில் கிடந்தது. "அவ கடிதம் கடிக்காது, பிரி" என்று என் வீட்டுக்காரி நார்மா சொன்ன பிறகு பிரித்தேன். கடிக்கத்தான் செய்தது.

முதலில் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நீ மேசையைக் காலி செய்துகொண்டு போனாய். பதினெட்டு வருடத்துக்கு ஒரு "வரேன்" கூட இல்லை. நான் காப்பி எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் எதிரே வெறும் பலகை. இப்போது கோப்பு வேண்டும் என்றதும் என் ஞாபகம் வந்திருக்கிறது.

அனுப்ப முடியாது. அந்த விவகாரம் மூடியாகிவிட்டது. அந்தக் கோப்பைத் திறந்தால் யார், எப்போது, எதற்கு என்று பதிவாகும். எனக்கு வயது அறுபத்து மூன்று. மார்ச் முப்பதாம் தேதி ஓய்வு. முழங்கால் இரண்டும் படியைப் பார்த்தாலே முனகுகின்றன. காலையில் காரை வெளியே எடுப்பதற்கே ஒரு தீர்மானம் வேண்டியிருக்கிறது. இன்னும் நான்கு மாதம் யார் வம்புக்கும் போகாமல் தலையைக் குனிந்துகொண்டு கரை சேர வேண்டும் என்பது ஒன்றுதான் என் ஆசை.

நிஸ்கனென் விஷயத்தில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் உழைத்துத் தேய்ந்த மனிதர், காலைக் குளிர், பனி, அரை நொடி தாமதம். இதில் நம்ப முடியாதது என்ன?

என் பக்கத்தில் தப்பு இருக்க வழியே இல்லை. உனக்காக நான் எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தேன் என்று உனக்குத் தெரியாது. உன் கணக்கு வரிகளை ஒன்றிலிருந்து எண்ணும், என் சிமுலேஷன் லாரி பூஜ்யத்திலிருந்து எண்ணும். அந்த வாடிக்கையாளர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் உன் நிரல் நின்றுபோய் மேலாளர் க்ரூட்ஸர் உன்னைக் கிழித்தாரே, அன்று சாயங்காலம் வண்டி நிறுத்துமிடத்தில் நீ அழுததை நான் பார்த்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வரியையும் ஒன்று தள்ளி எழுதித்தான் உனக்கு அனுப்பினேன், எட்டு வருடமாக. சொல்லிக் காட்டக்கூடாது என்றிருந்தேன். நீதான் சொல்ல வைத்துவிட்டாய்.

லோவெல் ஸ்ட்ரவுட்


ஹான்காக்
8 டிசம்பர் 2017

லோவெல்,

நீ தள்ளினாயா?

உன் கடிதத்தின் கடைசிப் பத்தியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. அடுப்பில் இருந்த இறைச்சிப் பாஸ்டி கரிந்து, வீடு முழுக்கப் புகை. ஜன்னலைத் திறந்து போட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நானும் தள்ளினேன்.

அந்தக் கூட்டத்தன்று உன் கோப்பு பூஜ்யமாவது வரியைக் கொடுத்தது. பூஜ்யம் என்று ஒரு வரி எனக்குக் கிடையாது, அதனால் என் நிரல் நின்றது. க்ரூட்ஸர் என்னை மட்டுமா திட்டினார்? "லோவெல், ஒரு கோப்பை ஒழுங்காக் குடுக்கத் தெரியலன்னா நீ எதுக்கு?" என்று உன்னையும் கேட்டார். உன் காது சிவந்ததைப் பார்த்தேன். நான் அழுதது எனக்காக மட்டும் இல்லை, முட்டாளே. மறுநாள் விடிந்ததும் முதல் ஆளாக வந்து, உன்னிடமிருந்து வருகிற எந்த வரியானாலும் ஒன்று கூட்டிப் படி என்று என் நிரலில் எழுதி வைத்தேன். உன்னிடம் சொன்னால் உன் தப்பைத் திருத்தினேன் என்று ஆகிவிடுமே என்று சொல்லவில்லை.

நீ ஒன்று கூட்டினாய், நான் ஒன்று கூட்டினேன். ஒன்று போதும்.

ஏன் எட்டு வருடம் யார் கண்ணிலும் படவில்லை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் லாரியும் என் கணக்கும் பேசிக்கொள்வது நொடிக்கு நூறு வரி. ஒரு வரி நகர்ந்தால் யாருக்குத் தெரியும்? ஆனால் ஆர்வோவின் லாரியில் இருந்தது பழைய பதிவுப்பெட்டி. அது நொடிக்கு இரண்டு வரிதான் எழுதும்.

இரண்டு வரிக்கு ஒரு நொடி என்றால் ஒரு வரிக்கு எவ்வளவு? சொல், லோவெல். நீ சொல். எனக்கு வாய் வரவில்லை.

கோப்பு என்னிடம் இல்லாதவரை இது வெறும் சந்தேகம். அதைத் திறந்து பார்க்க இப்போது உன்னால் மட்டும்தான் முடியும்.

வெர்னா


ஹான்காக்
6 ஜனவரி 2018

லோவெல்,

நான்கு வாரம் ஆகிறது. கிறிஸ்துமஸ் அட்டைகூட அனுப்பவில்லை. உன் பதில் எனக்குப் புரிகிறது.

இங்கே இதுவரை பதிமூன்று அடி பனி விழுந்திருக்கிறது. என் தெருவில் பனி தள்ளுவதற்குப் புதிதாக ஒருவனைப் போட்டிருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு தபால் பெட்டியைச் சாய்த்துவிட்டுப் போகிறான். ஆர்வோ ஓட்டிய இருபத்தாறு வருடத்தில் ஒரு பெட்டிகூட விழுந்ததில்லை என்று தெருவே பேசுகிறது. அதைக் கேட்டுக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. இப்போது கூட்டுறவுக் கடைக்குப் போவதில்லை. கால்வாயைத் தாண்டிப் போய்ப் பால் வாங்குகிறேன்.

உன் கரையும் உன் மார்ச் முப்பதும் உன்னோடு இருக்கட்டும். ஓஹாயோக்காரன் வாயில் கொடி பறக்கும், கையில் ஒன்றும் இருக்காது என்று என் அப்பா சொல்வார். நான்தான் பதினெட்டு வருடம் உனக்காக வாதாடினேன்.

இனி எழுத மாட்டேன்.

வெ.


டொலீடோ
24 ஜனவரி 2018

வெர்னா,

உன் அப்பா சொன்னதைப் படித்து நார்மா சிரித்தாள். "கெட்டிக்கார மனுஷன்" என்றாள்.

பதில் எழுதாததற்குக் காரணம் நீ நினைப்பது இல்லை. நான் நினைத்ததும் இல்லை. உன் டிசம்பர்க் கடிதம் வந்த மறுநாளே கோப்பைத் திறந்தேன். காலை பத்து மணி, எல்லாரும் இருக்கும்போது, என் பெயரிலேயே. திறந்து வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய், திரும்பி வந்து மூடிவிட்டேன். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. இப்படியே ஆறு நாள். சிரிக்காதே. படித்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் ஏதாவது செய்ய வேண்டிவரும். எனக்கு எதையும் செய்யத் தெம்பு இல்லை. கோழைத்தனமா சோர்வா என்று கேட்டால், இந்த வயதில் இரண்டுக்கும் நடுவே எனக்குக் கோடு தெரியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஓட்டினேன். உன் 'ஒன்று கூட்டு' வரியை எடுத்துவிட்டு ஒருமுறை. அதை வைத்துவிட்டு என்னுடையதை எடுத்து ஒருமுறை. இரண்டும் ஒரே பதிலைச் சொல்கின்றன.

விளக்கு எரிந்ததும் அந்த மனிதர் மிதித்திருக்கிறார். தாமதமே இல்லை. பயிற்சிப் புத்தகத்தில் எழுதியிருக்கும் நேரத்துக்கு முன்னதாகவே கால் பெடலில் இருந்திருக்கிறது. பிரேக்தான் பிடிக்கவில்லை. கம்பெனியின் பிரேக்.

நமக்கு மேலே இருந்த பதினோரு பேர் அறிக்கையைப் படித்தார்கள். எல்லாரும் உன் பக்கத்தைச் சரிபார்த்தார்கள், என் பக்கத்தைச் சரிபார்த்தார்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்ததை யாரும் பார்க்கவில்லை. அங்கே நாம் இரண்டு பேர் மட்டும்தான் இருந்தோம்.

இப்போது நான் கேட்கப்போவதற்கு நீ என்னைக் காறித் துப்பலாம். மார்ச் முப்பது வரை பொறுக்க முடியுமா? அதற்கப்புறம் நானே சொல்கிறேன். விபத்து நடந்து இருபத்து மூன்று மாதம் போயிருக்கிறது, இன்னும் இரண்டில் என்ன வந்துவிடும்? எழுதும்போதே அசிங்கமாக இருக்கிறது. ஆனாலும் அடிக்கவில்லை, அப்படியே அனுப்புகிறேன்.

லோவெல்


ஹான்காக்
1 பிப்ரவரி 2018

லோவெல்,

துப்பவில்லை. உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆர்வோ வீட்டுக்குப் போவேன் என்றுதான் நானும் நினைத்தேன். கோட்டு, பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு அவர் தெருமுனை வரை போனேன். அவர் வீட்டில் நீராவிக் குளியலுக்கான சானா அறையின் புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. குளிக்கிற நேரத்தில் தொந்தரவு எதற்கு என்று திரும்பி வந்துவிட்டேன். மறுநாள் காற்று. அதற்கு மறுநாள் எனக்கு இருமல். இன்றோடு மூன்று நாள். ஆகவே உன்னைக் கோழை என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இருவரும் ஆளுக்கொரு கரண்டி பிடித்திருக்கிறோம்.

ஆனால் மார்ச் முப்பது வரை முடியாது. அடுத்த குளிர்காலத்துக்கு ஓட்டுநர் பட்டியலைக் கவுண்டி மார்ச் முதல் வாரத்தில் முடிவு செய்கிறது. அது போனால் இன்னொரு வருடம். அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. 'இன்னும் இரண்டில் என்ன வந்துவிடும்' என்று கேட்டாயே, இதுதான் வந்துவிடும்.

நான் ஒரு தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அறிக்கையில் உள்ள அரை நொடித் தாமதம் ஓட்டுநருடையது அல்ல, தரவு கைமாறும் இடத்தில் நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் செய்த திருத்தத்தால் வந்தது என்று நான்கே வாக்கியம். முதலில் 'தொழில்நுட்பக் காரணங்களால்' என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டு நம் பெயர்களைப் போட்டேன். என் கையெழுத்து கீழே இருக்கிறது. உன்னுடையதற்குப் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன்.

என் கையெழுத்து மட்டும் இருந்தால், வேலையை விட்டுப் போனவள் வயிற்றெரிச்சலில் எழுதியது என்பார்கள். உன்னுடையது மட்டும் இருந்தால், கிழவர் குழம்பிவிட்டார் என்பார்கள். இரண்டும் வேண்டும்.

உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். மன்னித்துக்கொள்.

வெர்னா


டொலீடோ
19 பிப்ரவரி 2018

வெர்னா,

போட்டேன். கவுண்டி சாலை அலுவலகத்துக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று, உனக்கு ஒன்று. இரண்டு ஓட்டத்தின் வரைபடங்களையும் சேர்த்துக் கவுண்டிக்கும் உனக்கும் பதிவுத்தபாலில் அனுப்பியாகிவிட்டது. தபால் அலுவலகத்துப் பெண் "அவசரமா?" என்று கேட்டாள். "ரெண்டு வருஷம் லேட்டும்மா" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை.

கம்பெனிப் பிரதியை நானே க்ரூட்ஸர் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். கத்துவார் என்று எதிர்பார்த்துப் போனேன். கத்தியிருந்தால் தேவலை.

"ஒரு வரியா?" என்றார்.

"ஒரு வரிதான்."

"ஒருத்தருக்கொருத்தர் சொல்லியிருக்கலாமேய்யா. எதிர் எதிர் மேசைதானே!"

அந்தக் கேள்வியை அப்படியே உனக்கு அனுப்புகிறேன். உன்னிடம் பதில் இருக்கிறதா?

மதியம் வக்கீல் ஒருவர் வந்தார். நாலு மணிக்கு என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். ஓய்வு நாளன்று கேக் வெட்டுவதாக இருந்தது, அதுவும் போயிற்று. முப்பத்தொரு வருடம் வேலை பார்த்த இடத்திலிருந்து ஒரு அட்டைப்பெட்டியோடு வெளியே வந்தேன். பெட்டியில் வைக்க அதிகம் இல்லை. உன் பழைய மேசையைத் தாண்டித்தான் கதவுக்குப் போக வேண்டும். நீயும் இப்படித்தான் போனாய் என்று அப்போதுதான் உறைத்தது. "வரேன்" சொல்ல ஆள் இருந்தும் வாய் வராது என்று தெரிந்துகொண்டேன். அந்தக் குறையைத் திரும்பப் பெறுகிறேன்.

வீட்டுக்கு வந்து பதினோரு மணி நேரம் தூங்கினேன். சந்தோஷமா என்று நார்மா கேட்டாள். இல்லை, அசதி என்றேன். ஆனால் இது வேறு அசதி.

நீ அவர் வீட்டுக்குப் போ. பனி, இருமல், சானா என்று எதையும் சொல்லாதே. அவர் என்ன சொன்னாலும் அப்படியே எழுது. நல்லதாக மாற்றி எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும்.

லோவெல்


ஹான்காக்
4 மார்ச் 2018

லோவெல்,

போனேன். நேற்று சாயங்காலம் நாலு மணிக்கு. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஆர்வோவின் மனைவி சில்வி கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை, வழியை மறிக்கவும் இல்லை. ஆர்வோ சமையலறை மேசையில் இருந்தார். தாளைக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார். நான்கு வாக்கியத்துக்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது. காப்பி கொதித்து வழிந்தது, யாரும் எழுந்து போகவில்லை.

"இதுல நீ என்ன சொல்ற, வெர்னா? எனக்கு வாயால சொல்லு."

"நீங்க லேட்டா மிதிக்கல."

"எவ்வளவு லேட்டா இல்ல?"

"கொஞ்சம்கூட இல்ல. விளக்கு எரிஞ்ச உடனே மிதிச்சிருக்கீங்க. பிரேக் பிடிக்கல. எண்ணுனதுல தப்புப் பண்ணுனது நாங்க."

தாளை மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். உன் பெயரையும் சேர்த்துக் கேட்டேன். பட்டியல் செவ்வாய்க்கிழமை முடிவாகிறது, கவுண்டி அலுவலகத்தில் கடிதம் கிடைத்துவிட்டது, மருத்துவர் சரி என்றால் அவருடைய பழைய தடம் அவருக்கே என்று அங்கே சொன்னதாகவும் சொன்னேன்.

"வண்டி அப்புறம்" என்றார். "அந்த வரிய என் பேர்லேந்து எடுத்துருவாங்களா?"

"எடுத்தாச்சு. நேத்தே எடுத்துட்டாங்க."

அப்போதுதான் சில்வி பேசினாள். என்னிடம் இல்லை, அவரிடம். அதிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஆர்வோ அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாராம். சில்வி அவருக்குப் பின்னால் நின்று ஒரு கரண்டியைத் தரையில் போட வேண்டுமாம். சத்தம் கேட்டதும் அவர் காலால் தரையை மிதிப்பார். லேட்டா, லேட்டா என்று கேட்பார். இல்லை என்று அவள் சொன்னால் நம்ப மாட்டார், இன்னொரு தடவை போடு என்பார். இரண்டு குளிர்காலமாக இது நடந்திருக்கிறது. மேசைக்கு அடியில் பார்த்தேன். அந்த இடத்தில் தரைவிரிப்பு தேய்ந்து பலகை தெரிகிறது.

"அதத்தானேய்யா நான் ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன்!" என்று கத்தினாள். "லேட் இல்ல, லேட் இல்லன்னு தொண்டை கிழியக் கத்தினேனே. உன் பக்கத்துலயே நின்னு பாத்தவ நான். இவங்க காகிதத்துல எழுதிக் குடுத்தாத்தான் உனக்கு நம்பிக்கை வருமா?"

ஆர்வோ அழுதார். சத்தம் இல்லாமல், கண்ணாடியைக் கழற்றாமல்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, எழுந்துவிட்டேன். வாசலில் சில்வி என் கையில் அந்தத் தாளைத் திணித்தாள். "இதைக் கொண்டு போயிரு. இது இங்க இருந்தா இந்த மனுஷன் இதைத்தான் எடுத்து எடுத்துப் படிப்பாரு. என்னைக் கேக்க மாட்டாரு" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

மன்னித்தார்கள் என்று எழுத எனக்கு ஆசை. அந்தப் பேச்சே எழவில்லை.

வெர்னா